கைதட்டாத பக்கம்

அன்வர், உனக்கு அத்தாவின் சலாம். நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. அதைத்தான் உன் அம்மா தினமும் மஃரிப் தொழுதுவிட்டுப் போனில் கேட்டுவிடுகிறாளே. சாப்பிட்டாயா, என்ன சாப்பிட்டாய், யார் ஆக்கினார்கள் என்று அவள் விசாரித்து முடித்துப் போனை என் கையில் தரும்போது நமக்குள் பேச ஒன்றும் மிச்சமிருக்காது. போன வெள்ளிக்கிழமைதான் மிச்சமிருந்தது. இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே இருக்கட்டுமா என்று நீ கேட்டாய். "பொட்டிய கட்டிக்கினு வூடு வந்து சேருடா, வேற பேச்சே வேணாம்" என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் இப்போது கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் என்றால் நான் கத்திவிடுவேன். எழுதும்போது கத்த முடியாது, அது ஒரு வசதி.

உனக்குத் தெரிந்ததையும் முதலிலிருந்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள். இதை உன் அம்மா படிப்பாள், நைனார்பாளையத்துச் சம்பந்தி வீட்டாரும் படிப்பார்கள். நம் மைக் செட் கடையில் வயர் சுற்றிப் பழகியவன் நீ. உளுந்தூர்பேட்டையில் உன்னைச் சென்னை பஸ் ஏற்றிவிட்டபோது துபாயில் ஏதோ கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கர் கட்டுவாய் என்றுதான் நினைத்தேன். உன் கம்பெனி உன்னை இன்னொரு நாட்டுக்கு அனுப்பியது. அதன் பெயரை நான் சொன்னால் நீ சிரிக்கிறாய், ஆகவே 'உன் ஊர்' என்றே எழுதுகிறேன். ஒரே மண்ணில் பிறந்தவர்கள் இரண்டாகப் பிரிந்து வருஷக்கணக்கில் ஒருவரை ஒருவர் கொன்ற ஊர் அது. சண்டை ஓய்ந்து, தேர்தல் நடந்து, புது ஜனாதிபதி பதவி ஏற்றார். பெரிய மைதானத்தில் சத்தியப் பிரமாணம் முடித்துவிட்டு அவர் நாட்டு மக்களிடம் முதல் முறையாகப் பேசியபோது, அவர் வாய்க்கு நேரே மைக்கை நிறுத்தியது என் மகன். வடக்கனந்தல் கல்யாணத்தில் முதல் முதலாக மைக் ஸ்டாண்டைத் தலைகீழாக மாட்டிய அதே மகன்.

நீ அனுப்பிய வீடியோவை நான் எப்படிக் கேட்டேன் தெரியுமா? போனில் கேட்டால் நம் தொழிலுக்கு மரியாதையா? கடையிலிருந்த பெரிய பாக்ஸ் இரண்டையும் வாசலுக்கு இழுத்து, வயரை மாட்டி, சத்தத்தைத் திறந்துவிட்டேன். கச்சிராயபாளையம் ரோடு முழுக்க உன் ஜனாதிபதி பேசினார். எதிர் டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "இன்னா பாய், எந்தக் கட்சி மீட்டிங்கு? பாஷையே புரியல" என்றார். "கட்சி இல்லப்பா. ஒரு நாடு மீட்டிங் போட்டுக்கினு கீது. என் பையன்தான் மைக்கு" என்றேன். அதற்கு அவர், "அப்ப ஒரு டீ ஃப்ரீ பாய், உனக்கில்ல, அந்த ஜனாதிபதிக்கு" என்றார். அந்த டீயை நான்தான் குடித்தேன்.

பாஷை புரியாவிட்டால் என்ன? நான் கேட்காத பேச்சா? எல்லாக் கட்சி மேடைக்கும் வயர் இழுத்தவன் நான். காது குத்து, கோயில் திருவிழா, மீலாது விழா, இரங்கல் கூட்டம் எல்லாவற்றையும் மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டவன். பேசுகிறவன் தன் குரலைத் தானே ரசித்துப் பேசினால் ஸ்பீக்கரில் அது தனியாகத் தெரியும். மனசு நடுங்கிப் பேசினாலும் தெரியும். உன் ஜனாதிபதி மெல்லிய குரல்காரர். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் மைக்கை விட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறார். அந்த இடத்தில் நீ சத்தத்தை மெல்ல ஏற்றி, அவர் மறுபடி மைக் பக்கம் திரும்பியதும் மெல்ல இறக்கியிருக்கிறாய். ஒரு தடவைகூட மைக் கீச்சிடவில்லை. அங்கே யாருக்கும் அது தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. பாக்ஸ் பக்கத்தில் நின்று நான் அழுதேன் என்று டீக்கடைக்காரர் சொன்னால் நம்பு, பொய்யில்லை.

பிறகு நீ ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாய். எவன் ஜெயித்தான் என்று இன்று கொண்டாட வேண்டாம், வானத்தைப் பார்த்துக்கூட யாரும் துப்பாக்கி சுட வேண்டாம் என்றாராம். இரண்டு பக்கத்திலும் செத்தவர்கள் இந்த நாட்டுப் பிள்ளைகள், அவர்களுக்கு ஒரே துக்கம்தான் என்றாராம். எரிந்த ஊர்களுக்குத் திரும்பிப் போங்கள், பக்கத்து வீட்டுக்காரன் எந்தப் பக்கம் இருந்தான் என்று கேட்காமல் அவனோடு சேர்ந்து கூரை போடுங்கள் என்றாராம். நல்ல பேச்சு, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கடைசி வார்த்தையில் எனக்கு உடன்பாடில்லை. கேட்காமல் எப்படி இருப்பான்? தாலி அறுத்தவள் எப்படிக் கேட்காமல் இருப்பாள்? கேட்கட்டும் என்பதுதான் என் கட்சி. அதற்குக் காரணம் உண்டு, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

அதைவிட நீ சொன்ன இன்னொன்று என்னை உலுக்கிவிட்டது. "அத்தா, கைதட்டல் ஒரு பக்கம் இருந்துதான் வந்திச்சு. மீட்டர்ல பாத்துக்கினே இருந்தேன். அந்தாண்ட பக்கம் வெச்ச மைக்குல ஒண்ணுமே ஏறல" என்றாய். மைதானத்தின் ஒரு பாதி தட்டியிருக்கிறது, மறுபாதி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஜனாதிபதிக்கும் அது தெரிந்திருக்கிறது. எழுதி வந்த தாளை மடித்துவிட்டு, கைதட்டாத பக்கமாகத் திரும்பி, "உங்களைக் கைதட்டச் சொல்லமாட்டேன். உங்கள் ஊர்களுக்கு நான் வருவேன். அங்கே நான் பேசமாட்டேன். நீங்கள் பேசுங்கள், நான் கீழே உட்கார்ந்து கேட்கிறேன்" என்றாராம். அதற்கும் அந்தப் பக்கம் தட்டவில்லையாம். இப்போது அவர் சொன்னபடியே புறப்படப் போகிறார். அவரோடு ஊர் ஊராகப் போக ஒரு மைக் செட் வேண்டும், அதற்கு உன்னைக் கேட்கிறார்கள். போன மாசம் உங்கள் கம்பெனி வண்டிமேல் அந்தப் பக்கத்துக்காரர்கள் கல்லெறிந்து கண்ணாடி உடைந்தது என்பதையும் நீதான் சொன்னாய், அம்மாவிடம் சொல்லாதே என்ற உத்தரவோடு. சொல்லிவிட்டேன். என் வாய் உனக்குத் தெரியாதா? ஹஜ் பெருநாள் கழிந்து உனக்கும் ரஹீமாவுக்கும் நிக்காஹ் பேசி முடித்திருக்கிறோம். கல்லடிக்கும் ஊருக்கு மகனை அனுப்பிவிட்டு நான் எந்த முகத்தோடு நைனார்பாளையம் போவது? அதனால்தான் போனில் அப்படிக் கத்தினேன்.

கத்திவிட்டு வந்து படுத்தவனுக்கு மலைதான் ஞாபகம் வந்தது. கல்வராயன் மலையில் அந்த ஓடைக்கு இந்தப் பக்கம் ஓர் ஊர், அந்தப் பக்கம் ஓர் ஊர். நீ வெளிநாடு போவதற்கு முன் அங்கே நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் நீ இருந்தது இந்தக் கரையில், நான் இருந்தது அந்தக் கரையில். என் கரையில் நடந்ததை நான் உனக்கு முழுசாகச் சொன்னதில்லை.

மலையில் காது போகிற தூரம் வேறு, கால் போகிற தூரம் வேறு. இந்த ஊரில் நாய் குரைத்தால் அந்த ஊர் நாய் பதில் குரைக்கும். ஆனால் ஆள் போக வேண்டுமென்றால் பள்ளத்தில் இறங்கி ஏற ஒரு வேளைப் பொழுது ஆகும். இரண்டு ஊருக்கும் ஒரே அம்மன், ஒரே திருவிழா. பெண் கொடுப்பதும் எடுப்பதும் அவர்களுக்குள்தான். சாமியை எந்த ஊருக்கு முதலில் தூக்குவது என்று ஒரு வருஷம் வாய்ப்பேச்சு முற்றி, தடி எடுத்துவிட்டார்கள். மண்டை உடைந்தது, ஒருவனுக்கு வலது கை ஒடிந்து விளங்காமல் போனது, ஒரு வீட்டுக் கூரை எரிந்தது. அதற்குப் பிறகு இரண்டு ஊரிலும் கட்டுப்பாடு போட்டார்கள். யாரும் அந்தப் பக்கம் கால் வைக்கக்கூடாது, பேசக்கூடாது, நல்லது கெட்டதுக்குப் போகக்கூடாது, யார் வீட்டிலும் கை நனைக்கக்கூடாது. எல்லாம் சரி, ஏற்கெனவே கொடுத்த பெண்கள்? இந்தப் பக்கம் பிறந்து அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டவளும், அந்தப் பக்கம் பிறந்து இந்தப் பக்கம் வந்தவளும் தாய் வீட்டை ஓடைக்கு இப்பாலிருந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களைப் பற்றிக் கட்டுப்பாடு போட்ட ஆண்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். மைக் செட்காரனுக்கும்தான். அடுத்த வருஷம் ஒரே சமயத்தில் இரண்டு திருவிழா வைத்தார்கள், இரண்டுக்கும் நம் கடைதான். எனக்கு அதில் வெட்கமெல்லாம் இல்லை, கேட்டு வருகிறவனுக்கு இல்லை என்று சொல்லவா கடை திறந்து வைத்திருக்கிறேன்? குட்டி யானை வண்டியில் ஒரு செட்டை ஏற்றி உன்னை இந்தக் கரையில் இறக்கிவிட்டு, இன்னொரு செட்டோடு நான் சுற்றிக்கொண்டு அந்தக் கரைக்குப் போனேன். இரண்டு ஊரிலும் சொல்லி வைத்தாற்போல் ஒரே உத்தரவு. "குழாய் ஸ்பீக்கரெல்லாம் அந்தாண்ட பாத்து கட்டு பாயி. அவனுங்க காது கிழியணும்." தங்கள் ஊர் அம்மன் பாட்டைத் தாங்கள் கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் ஆசையில்லை. எதிரிக்குக் கேட்டால் போதும்.

முதல் நாள் பாட்டோடு போயிற்று. அடுத்த நாள் காலையில் பாட்டை நிறுத்திவிட்டு ஆளுக்கு ஆள் மைக்கைப் பிடித்தார்கள். உன் கரையிலிருந்து ஒருவன் என் கரைக்காரர்களின் பாட்டன் முப்பாட்டனையெல்லாம் வரிசையாக இழுத்தான். என் கரையில் அதற்குப் பதில் சொல்ல ஒருவன் தயாராக இருந்தான், அவன் இன்னும் மோசம். நான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாம் வாடகைக்காரர்கள், வாயை மூடிக்கொண்டு வயரைப் பார் என்று உனக்குச் சொல்லித்தான் அனுப்பியிருந்தேன். மலையில் அப்போது போன் எடுக்காது. நீ அங்கே என்ன செய்கிறாய் என்று எனக்குத் தெரிய வழியில்லை.

மதியம் கறிச்சோற்றுக்கு எல்லோரும் பந்தியில் உட்கார்ந்திருந்த நேரம். உன் கரையில் உனக்குத் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்தவள் அலமேலு. அந்தக் கரையில் பிறந்து இந்தக் கரைக்கு வாழ்க்கைப்பட்டவள். தூக்கை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாளாம். "தம்பி, இதுல பேசினா அந்தாண்ட கேக்குமா?" என்றாளாம். கேட்கும் அக்கா என்றாயாம். "எங்கம்மா வூடு அந்த புளியாமரத்துக்கு கீழதான். படுத்த படுக்கையா கீதுன்னு சொல்லிக்கிறாங்க" என்றாளாம். இதெல்லாம் திரும்பும் வழியில் நீ சொன்னது. நீ வேறொன்றும் கேட்கவில்லை. சுவிட்சைப் போட்டு மைக்கை அவள் கையில் கொடுத்துவிட்டாய். திருவிழாக் கமிட்டிக்காரர்கள் உதைப்பார்களே என்று யோசிக்கவில்லையா என்று கேட்டேன். "யோசிச்சேன் அத்தா. குடுத்துட்டு யோசிச்சேன்" என்றாய்.

இனி என் கரையில் நடந்தது. எதிர்க்கரைக் குழாய் கரகரவென்றதும் அடுத்த வசவு வருகிறது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வந்தது ஒரு பெண் குரல். "யம்மா... நான் அலமேலு பேசறேன். யம்மா, சாப்ட்டியா?" அவ்வளவுதான். பள்ளம் முழுக்க அது ஒலித்துத் திரும்பியது. பந்தியில் சோறு போட்டுக்கொண்டிருந்தவன் கரண்டியோடு நின்றுவிட்டான். கமிட்டி செயலாளர் இளவட்டம், ஓடி வந்து என் தோளை உலுக்கினான். "பாயி, சவுண்ட ஏத்து! பாட்டப் போட்டு அமுக்கு!" என் கை சத்தத் திருகில்தான் இருந்தது. பாட்டும் தயாராக இருந்தது. ஏற்றியிருந்தால் அந்தக் குரல் செத்திருக்கும். எத்தனையோ மேடையில் எவன் எவன் குரலையோ ஏற்றி இறக்கியிருக்கிறேன். அன்று நான் திருகைத் தொடவில்லை, ஆம்ப்ளியையே அணைத்துவிட்டேன். "இன்னா பாயி?" என்று கத்தினான். "சூடாயிடுச்சுப்பா. கொஞ்ச நேரம் ஆறட்டும், இல்லன்னா வெடிச்சிடும்" என்றேன். பச்சைப் பொய். அல்லாஹ் மன்னிப்பான், அந்தப் பொய்க்கு எனக்குக் கூலி கொடுத்தாலும் கொடுப்பான்.

என் பக்கம் சத்தமில்லை. அலமேலு பேசிக்கொண்டே இருந்தாள். பதில் சொல்ல உனக்கு வழியில்லை என்று தெரியும்மா, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டால் எனக்குப் போதும் என்றாள். புளியமரத்து வீட்டிலிருந்து அவளுடைய அண்ணன் வெள்ளையன் வெளியே வந்தான். சண்டையில் முன்னால் நின்று தடி சுழற்றியவன் அவன். என் முன்னால் வந்து நின்று, "பாயி, ஆம்ப்ளி ஆறிடிச்சா?" என்றான். "ஆறிடிச்சுப்பா" என்றேன். மைக்கை வாங்கி வாயருகே வைத்துக்கொண்டு வெகு நேரம் மூச்சுத்தான் விட்டான். அந்த மூச்சும் குழாயில் போயிற்று. பிறகு, "அலமேலு... கஞ்சி குடிச்சுது. உன் பேர சொல்லிக்கினே கீது" என்றான். எதிர்க்கரையில் மைக்கை வைத்துக்கொண்டே அவள் அழுதது எங்கள் ஊர் முழுக்கக் கேட்டது.

அதற்கப்புறம் யாரால் தடுக்க முடியும்? நீ உன் கரையில் மைக்கைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாய், நான் என் கரையில். உன் பசு ஈன்றுவிட்டது, கிடாரிக் கன்று என்று ஒருத்தி. மரவள்ளிக்கு இந்த வருஷம் பூச்சியாமே, எங்களுக்கும்தான் என்று ஒருவன். கட்டுப்பாடு போட்ட ஊர்த்தலைவர் வந்து, "பேசக்கூடாதுன்னு கட்டு போட்டது மறந்து போச்சா?" என்று அதட்டினார். பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நாங்க எங்க பேசினோம்? குழாய் பேசுது. வேணும்னா அதுக்கு அபராதம் போடு" என்றாள். ஊரே சிரித்துவிட்டது. தலைவரும் சிரித்துவிட்டார், அதோடு அவர் தலைமை அன்றைக்கு முடிந்தது.

ஆனால் அன்வர், எல்லாம் கிடாரிக் கன்றாகவே இருக்கவில்லை. சண்டையில் கை போனவன் என் கரைக்காரன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து இடது கையால் மைக்கை வாங்கினான். "என் கைய ஒடச்சவன் அந்தாண்டதான் கீறான். பேர சொல்ல மாட்டேன், அவனுக்கே தெரியும். என்னால ஏர் புடிக்க முடியல. காடு கரம்பா கெடக்குது. அத சொல்லணும்னுதான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு மைக்கை என்னிடம் திருப்பிக் கொடுத்தான். சாயங்காலம் குழாயை அவிழ்க்கும் வரைக்கும் உன் கரையிலிருந்து பதில் வரவில்லை. ஆனால் மழை பெய்ததும் ஒருவன் மாட்டை ஓட்டிக்கொண்டு ஓடையைத் தாண்டி வந்து, ஒரு வார்த்தை பேசாமல் அந்தக் காட்டை உழுது கொடுத்துவிட்டுப் போனான் என்று வெள்ளையன் பிறகு கடைக்கு வந்தபோது சொன்னான். அந்த வீட்டில் கை நனைத்தானா என்று கேட்டேன். "தண்ணிகூட குடிக்கல பாயி. அடுத்த வருஷம் வந்தப்பதான் குடிச்சான்" என்றான். இப்போது அங்கே ஒரே திருவிழா. நமக்கு ஒரு செட் வாடகைதான், பாதியாகிவிட்டது. போகட்டும். அலமேலுவின் தாய் மகள் மடியில் படுத்துத்தான் கண்ணை மூடினாள். அதை வெள்ளையன் சொன்னபோது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

ஆகவேதான் உன் ஜனாதிபதியோடு ஒரு வார்த்தையில் நான் சண்டை போடுகிறேன். எவன் என்ன செய்தான் என்று கேட்க வேண்டாம் என்பது மேடையில் சொல்லத்தான் நன்றாக இருக்கும். கை ஒடிந்தவன் கை ஒடிந்தது என்று சொல்லாமல் போயிருந்தால் அவன் காடு இன்றைக்கும் கரம்பாகத்தான் கிடக்கும். ஆனால் அவர் தாளை மடித்துவிட்டுச் சொன்னாரே, நீங்கள் பேசுங்கள், நான் கீழே உட்காருகிறேன் என்று, அந்த இடத்தில் அவர் காலைத் தொட்டு முத்தமிடலாம். ஒரு நாட்டின் தலைவர் தன் பதவிப் பேச்சில் கடைசியாகச் சொன்னது, நம் கடை மைக்கை வைத்து நீ மலையில் செய்ததுதான். அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது. என் மகனைத்தான் அவர் மைக்குக்குக் கேட்கிறார் என்றால் இறைவனுடைய ஏற்பாட்டை நான் என்னவென்று சொல்வேன்!

வெள்ளிக்கிழமை நான் உன்னிடம் செய்தது என்ன தெரியுமா? பாட்டைப் போட்டு அமுக்கினேன். நீ ஏன் இருக்க ஆசைப்படுகிறாய் என்று சொல்ல வாயெடுத்தாய், என் சத்தத்தில் அது கேட்கவில்லை. உன் அம்மாதான் தட்டை நகர்த்திவிட்டுச் சொன்னாள். "அவன் வரணும்னு ஒங்களவிட எனக்கு ஜாஸ்தி ஆச கீது. ஆனா அவன் இன்னா சொல்ல வந்தான்னு காது குடுத்தீங்களா? மலையில எவளோ ஒருத்திக்கு ஆம்ப்ளிய நிறுத்தினீங்களே, பெத்த புள்ளைக்கு நிறுத்த மாட்டீங்களா?" நான் எழுந்து கை கழுவிவிட்டேன். என் பெருமைக்கதையையே எடுத்து என்னை அடிக்க அவளால்தான் முடியும்.

நேற்று நைனார்பாளையம் போனேன். ரஹீமாவின் அத்தா முகம் சுருங்கிப் போயிற்று. "கார்டு அடிக்கக் குடுத்தாச்சு சம்பந்தி. ஊருக்கு நான் இன்னா பதில் சொல்றது?" என்றார். நியாயம்தான். நான் பதிலுக்கு மலைக்கதையைச் சொன்னேன், மைதானத்தில் பாதி ஆட்கள் கைதட்டாததைச் சொன்னேன், கல்லெறிந்ததையும் மறைக்கவில்லை. சமையல்கட்டு நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ரஹீமா வெளியே வந்தாள். "மாமா, கல்லால அடிச்சாங்களே, அவங்க ஊருக்கும் போவாரா?" என்றாள். "அவங்க ஊருக்குத்தாம்மா மொதல்ல" என்றேன். "அப்ப போவட்டும். ஆனா சொன்ன தேதிக்கு வந்து நிக்காஹ் முடிச்சுட்டுப் போவட்டும். அதுக்கப்புறம் நானும் போறதா, இங்கயே இருக்கறதா, அத நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிறோம். நீங்க யாரும் நடுவுல வரக்கூடாது" என்றாள். இரண்டு கிழவர்களும் டீயைக் குடித்தோம். உனக்கு வரப்போகிறவள் மைக் இல்லாமலே கேட்கும்படி பேசுகிறாள், அல்ஹம்துலில்லாஹ்.

அதனால் போடா. நான் சம்மதம் சொல்கிறேன், முழு மனசோடு சொல்கிறேன். பயம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஒவ்வொரு தொழுகையிலும் அந்த உடைந்த கண்ணாடிதான் கண்ணில் நிற்கும். வண்டியில் பின்பக்கம் உட்கார், வீரம் காட்டாதே, கல் விழுந்தால் ஆம்ப்ளியை விட்டுவிட்டு ஓடு, கம்பெனி வேறு வாங்கிக்கொள்ளும். ஆனால் என் காலத்தில் எனக்குக் கிடைத்ததற்கு நான் நன்றி சொல்லாமல் பயந்துகொண்டு மட்டும் இருந்தால் அது நன்றிகெட்டதனம். என் அத்தா எனக்கு ஒரு குழாயும் ஒரு பழைய ஆம்ப்ளியும் கொடுத்துவிட்டுப் போனார். நான் அதை வைத்து யார் யார் குரலையோ பெரிதாக்கிச் சோறு தின்றேன். யாருக்கு மைக்கைக் கொடுக்க வேண்டும் என்று எனக்குக் காட்டியது நீ. பிள்ளையிடமிருந்து அத்தா படித்தால் குறைந்துபோக மாட்டான். உனக்கும், அன்று தூக்கை வைத்துவிட்டுப் போகாமல் நின்ற அலமேலுவுக்கும், கரகரத்தாலும் அணையாமல் இருந்த நம் பழைய குழாய்க்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

தொழில் விஷயமாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். அந்த ஊர்களில் போய் வயர் இழுத்து முடித்ததும் மைக்கைத் தட்டிப் பார்ப்பாய். நாம் எல்லோரும் சொல்கிற ஒன் டூ த்ரீயை அங்கே சொல்லாதே. இரண்டு பக்கத்துப் பாஷையிலும் ஒரே ஒரு கேள்வியைக் கற்றுக்கொண்டு போ. உன் அம்மா தினமும் உன்னைக் கேட்கிறாளே, அதுதான். கைதட்டாத பக்கமாகக் குழாயைத் திருப்பி வைத்து, சாப்பிட்டீர்களா என்று கேள். பிறகு மைக்கை அவர்கள் பக்கம் நீட்டிவிட்டு அமைதியாக இரு. உடனே பதில் வராது. வயரைப் பிடுங்காதே, பாட்டுப் போடாதே, காத்திரு. யாராவது ஒருவர் சாப்பிட்டோம் என்றோ, இல்லை, சாப்பிட எங்களுக்கு ஒன்றும் மிச்சமில்லை என்றோ சொன்னால், மைக் வேலை செய்கிறது என்று எங்களுக்குப் போன் பண்ணு.